மிஞ்சின கறியும் எங்க அத்தையும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். மைக்குல பேசிப் பழக்கம் இல்லை. அழைப்பிதழ்ல என் பேருக்கு நேரா "சிக்கனச் சமையல்" அப்படின்னு போட்டிருக்காங்க. அதைப் பார்த்துட்டு எங்க வீட்டுக்காரர் சிரிச்சார். வீட்டுல எண்ணெய்ச் செலவு அவருக்குத்தானே தெரியும். அதனால சிக்கனத்தைப் பத்தி நான் பேசப் போறதில்லை. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி தீபாவளிக்கு எங்க வீட்டுல மிஞ்சிப் போன வான்கோழிக் கறியைப் பத்தித்தான் பேசப் போறேன். அந்தக் கதை இங்க பாதிப் பேருக்குத் தெரியும். தெரிஞ்சதுல பாதி தப்பாத் தெரியும்.

அந்த வருசம் பங்குனியில எங்க குழு பத்துப் பேரும் கடன் எடுத்து, ஆளுக்கு ஐந்து வான்கோழிக் குஞ்சு வாங்கினோம். நந்தனம் வான்கோழி-1 என்கிற ரகம். சென்னை நந்தனத்துல இருந்த கோழி ஆராய்ச்சி நிலையத்துல, நாட்டுக் கருப்பு வான்கோழியையும் வெளிநாட்டு வெள்ளை வான்கோழியையும் சேர்த்து உண்டாக்கினதுன்னு பயிற்சியில சொன்னாங்க. நம்ம வெயிலுக்குத் தாங்கும். கோழி முட்டை 21 நாள்ல பொரிக்கும், இதுக்கு 28 நாள் ஆகும். குஞ்சுக்குத் தானாத் தீவனம் எடுக்கக்கூடத் தெரியாது, நாமதான் காட்டிக் குடுக்கணும். அதெல்லாம் தாண்டி எனக்கு நாலு நின்னுச்சு. ரெண்டு சேவல், ரெண்டு பெட்டை.

தீபாவளிக்கு முன்னாடி யாவாரி வந்து பார்த்தார். உசிரோட எட்டு கிலோ இருந்த சேவலுக்கு அவர் கேட்ட விலை தீவனச் செலவுக்கே பத்தாது. எனக்குக் கோபம் வந்துருச்சு. குடுக்க மாட்டேன், எங்க வீட்டுத் தீபாவளிக்கு நாங்களே அடிச்சுக்கிறோம்னு சொல்லிட்டேன். திருப்பூர்ல இருந்து எங்க நாத்தனார் குடும்பம் வர்றதா இருந்துச்சு, அவங்க ஐந்து பேர், நாங்க ஐந்து பேர், பத்துப் பேருக்குச் சரியா இருக்கும்னு கணக்குப் போட்டேன்.

தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரியே மழை பிடிச்சுக்கிச்சு. நாத்தனார் பிள்ளைக்குக் காய்ச்சல், வரலைன்னு காலையில போன் வருது. அதுக்குள்ள இங்க சேவலை அடிச்சு, சுடுதண்ணியில முக்கி இறகு பறிச்சு, வைக்கோல்ல வாட்டி, மஞ்சள் தடவியாச்சு. ஆய்ஞ்சு எடுத்ததுல ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சல். எங்க வீட்டுல பிரிட்ஜ் கிடையாது. மூணாவது வீட்டு அக்கா வீட்டுல இருக்கு. ஆனா தீபாவளி அன்னைக்கு அந்த பிரிட்ஜுக்குள்ள கொத்தமல்லி வைக்கக்கூட இடம் இருக்காது, தெருவே அதுலதான் வெச்சிருக்கும். சரி, வேற வழி இல்லைன்னு அத்தனையையும் ஒரே அண்டாவுல போட்டுக் குழம்பு வெச்சுட்டேன். நான் செஞ்ச முதல் தப்பு அதுதான்.

நாங்க ஐந்து பேரும் மத்தியானம் தின்னோம், ராத்திரியும் தின்னோம். பக்கத்து வீடுகளுக்குக் கிண்ணத்துல குடுக்கலாம்னா, எல்லா வீட்டுலயும் அன்னைக்கு ஆட்டுக்கறி. அண்டாவுல முக்கால்வாசி அப்படியே நிக்குது. ராத்திரி ஒரு கொதி விட்டு, எறும்பு ஏறாம இருக்கச் சுத்தித் தண்ணி கட்டி, மூடி வெச்சேன்.

மறுநாள் அமாவாசை. எங்க வீட்டுல கவுச்சி தொட மாட்டோம். அண்டாவைத் திறக்கக்கூட இல்லை. சாயங்காலம் விளக்கு வெச்சதுக்கு அப்புறம்தான் அதோட நினைப்பே வந்து, ஒரு கொதி விட்டு மறுபடி மூடினேன்.

மூணாம் நாள் காலையில திறந்தா, ஓரத்துல லேசா நுரை. வாடை மாறிடுச்சு. ரொம்ப மோசமில்லை, ஆனா மாறிடுச்சு. அக்காமாருக்குத் தெரியும், அந்த வாடைக்குப் பேரு சொல்ல முடியாது, மூக்குக்குத் தெரியும். "அத்தை, இதைக் குழி தோண்டிக் கொட்டிரலாம்"னு சொன்னேன். அத்தை என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு. "ஏழு மாசம் கையில தீனி குடுத்து வளர்த்த உசிரு. குழியில கொட்டவாடி வளர்த்தோம்?"னு கேட்டாங்க. அப்புறம் கொஞ்சம் புளி கரைச்சு ஊத்தி, மிளகு தட்டிப் போட்டு, சுண்டச் சுண்டக் காய்ச்சினாங்க. வாசம் நல்லாத்தான் வந்துச்சு. நானும் தட்டை எடுத்துக்கிட்டு உட்காரப் போனேன். அத்தை தடுத்தாங்க. "நீ வேணாம், உனக்கு ஒத்துக்காது. பிள்ளைகளுக்கும் குடுக்காத. அவனுக்கு முட்டை பொரிச்சுக் குடு. நான் பாத்துக்கிறேன்."

பழைய சோத்துல போட்டு அவங்க மட்டும் தின்னாங்க.

இதை நான் அப்புறம் எத்தனையோ ராத்திரி நினைச்சுப் பார்த்திருக்கேன். அந்தக் கறி கெட்டுப் போச்சுன்னு அத்தைக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எங்களை விலக்கினாங்க. பிள்ளைக்கு ஆகாதது, மகனுக்கு ஆகாதது, மருமகளுக்குக்கூட ஆகாதது, தனக்கு மட்டும் ஆகும்னு அவங்க வயித்தைப் பத்தி அவங்களுக்கு ஒரு எண்ணம். நாற்பது வருசமா மிச்சமானதெல்லாம் அங்கதான் போயிருக்கு. முந்தாநாள் ரசம், அடிப்பிடிச்ச பொங்கல், பிள்ளைங்க தின்னு வெச்ச எச்சில் தோசை. நான் மருமகளா வந்து பதினாலு வருசம் ஆகுது. ஒரு நாளும் நான் அதைக் கேட்டதில்லை. கேட்கத் தோணவும் இல்லை, ஏன்னா எங்க அம்மாவும் அப்படித்தான்.

ராத்திரி எட்டு மணிக்கு வாந்தி ஆரம்பிச்சது. பத்து மணிக்குள்ள வயித்தால போனது கணக்கில்லை. கை கால் சில்லிட்டுப் போச்சு, கண்ணு உள்ள போச்சு. வீட்டுல இருந்தது முந்நூறு ரூபாய். எங்க குழுப் பொருளாளர் அக்கா வீட்டுக் கதவைப் பதினோரு மணிக்குத் தட்டினேன். அவங்க குடையைக்கூடத் தேடாம நனைஞ்சுக்கிட்டே வந்து, அவசரக் கடன்னு 3,000 ரூபாய் என் கையில வெச்சாங்க. கையெழுத்து நாளைக்கு வாங்கிக்கலாம், முதல்ல ஆட்டோவைக் கூப்பிடுன்னாங்க. அந்தக் கையெழுத்தை நான் பத்து நாள் கழிச்சுத்தான் போட்டேன். ரெண்டு நாள் குளுக்கோஸ் ஏத்தி அத்தையைக் கூட்டிட்டு வந்தோம். வரும்போது என் தோள்ல சாய்ஞ்சுக்கிட்டு வந்தாங்க, வெயிட்டே இல்லை.

இதோட முடிஞ்சிருந்தா இந்தக் கதையை நான் மைக்குல சொல்லியிருக்க மாட்டேன். ஊர்ல கேட்டவங்களுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? கெட்டுப்போன கறியைத் தின்னாங்கன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு. மாமியாருக்குப் பழைய கறியைப் போட்டுட்டு மருமக முட்டை தின்னான்னு பேசுவாங்கல்ல. அதனால, "வான்கோழிக் கறி சேரலை"ன்னு சொல்லிட்டேன். ஒரே ஒரு வார்த்தை. அது தெரு தாண்டி, ஊர் தாண்டிப் போச்சு. வான்கோழிக் கறி சூடு, வயசானவங்களுக்கு விஷம், அந்தத் தெருவுல ஒரு அம்மா சாகக் கிடந்துச்சு அப்படின்னு. எங்க குழுவுல மத்த ஒன்பது பேர்கிட்டயும் வளர்ந்த பறவைங்க நிக்குது. முன்பணம் குடுத்துட்டுப் போனவங்களே ரெண்டு பேர் திருப்பி வாங்கிட்டாங்க. கடன் தவணை யாருக்கும் நிக்குமா?

அடுத்த வாரக் கூட்டத்துல எல்லாரும் இதைத்தான் பேசினாங்க. யாரும் என்னைக் குத்தம் சொல்லலை, அதுதான் எனக்குத் தாங்கலை. தீர்மான நோட்டுல கையெழுத்துப் போட என்கிட்ட பேனா வந்தப்ப எந்திரிச்சு உண்மையைச் சொல்லிட்டேன். பறவை மேல தப்பில்லை அக்கா, என் அண்டா மேலதான் தப்பு, மூணு நாள் குழம்புன்னு. கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் வயசான ஒரு அக்கா கேட்டாங்க, "உங்க வீட்டுல மட்டுமாடி மூணு நாள் குழம்பு?" அதுக்கப்புறம் அந்தக் கூட்டத்துல தவணையைப் பத்தி யாரும் பேசலை. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வீட்டு அண்டாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க.

அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் எங்க கிராம சுகாதாரச் செவிலியரைக் குழுவுக்குக் கூப்பிட்டோம். அவங்க சொன்னதை என் பாஷையில சொல்றேன். சமைச்ச சாப்பாடு வெளியில 2 மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாது. சூடா இருந்தா 60 டிகிரிக்கு மேல கொதிகொதின்னு இருக்கணும், இல்லைன்னா 5 டிகிரிக்குக் கீழ பிரிட்ஜுல இருக்கணும். நடுவுல இருக்கிற வெதுவெதுப்புதான் கிருமிக்குத் தொட்டில். சின்னக் கிண்ணத்துக் குழம்பு சீக்கிரம் ஆறிடும், அண்டாக் குழம்பு மேல ஆறினாலும் உள்ள ராத்திரி முழுக்க வெதுவெதுன்னு இருக்கும், அதுவும் மூடி வெச்சா கேட்கவே வேணாம். கொதிக்க வெச்சா எல்லாம் சரியாப் போயிடும்னு நாம நினைக்கிறோம். கிருமி சாகும், ஆனா சில கிருமி விட்டுட்டுப் போற நஞ்சு கொதியில போகாது. புளியும் மிளகும் வாடையைத்தான் மறைக்கும். எங்க அத்தை கைப்பக்குவம் அன்னைக்கு அதைத்தான் செஞ்சிருக்கு. வயித்தால போச்சுன்னா ஆஸ்பத்திரி போற வரைக்கும் சும்மா இருக்காம, ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை 1 லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணியில கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கணும்னும் சொன்னாங்க. இப்ப எங்க குழு டிரங்குப் பெட்டியில தீர்மான நோட்டுக்குப் பக்கத்துல அது பத்துப் பொட்டலம் கிடக்கும்.

சரி, ரெண்டாவது சேவலுக்கு வர்றேன். அது தை மாசம் கரிநாளுக்கு. சில ஊர்ல காணும் பொங்கல்னு சொல்லுவாங்க, எங்க புதுக்கோட்டைப் பக்கம் கரிநாள்தான். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கறி எடுக்காத வீடு இருக்காது. அந்தச் சேவல் இன்னும் பெரிசா வளர்ந்திருந்துச்சு. இந்தத் தடவை அடுப்பைப் பத்த வைக்கிறதுக்கு முன்னாடி கறியைப் பிரிச்சேன். இதுதான் நான் இங்க சொல்ல வந்தது. மிஞ்சினதுக்கு அப்புறம் என்ன பண்றதுன்னு யோசிச்சா வழி கம்மி. வெட்டும்போதே யோசிச்சா மிஞ்சவே மிஞ்சாது.

அன்னைக்குக் குழம்புக்குத் தொடைக்கறியில ஒன்றரைக் கிலோ மட்டும் எடுத்தேன். வான்கோழிக் காலுக்குள்ள ஈர்க்குச்சி மாதிரி விறைப்பா நரம்பு ஓடும், அதை முன்னாடியே உருவிடணும், இல்லைன்னா பிள்ளைங்க தொண்டையில குத்தும். வயசான சேவல்னா குக்கர்ல எட்டு விசிலுக்குக் குறைஞ்சு வேகாது. ஈரலையும் இரைப்பையையும் உடனே மிளகுல வறுத்து, அடுப்படியிலயே முடிச்சுட்டோம்.

நெஞ்சுக்கறியைத் தொடவே இல்லை. குழம்புல போட்டா அது பஞ்சு மாதிரி வறண்டு போகும், ருசியே இருக்காது. ஆனா கொழுப்பு இல்லாத அந்தக் கறிதான் உப்புக்கண்டத்துக்கு ஏத்தது. எங்க அம்மா ஊர் சிவகங்கைப் பக்கம். அங்க ஆட்டுக்கறியில உப்புக்கண்டம் போடாத வீடு கிடையாது. வான்கோழியில போட்டா வருமான்னு எனக்கே சந்தேகம்தான், போட்டுப் பார்த்தேன். தோலையும் கொழுப்பையும் சுத்தமா எடுத்திடணும், கொழுப்பு இருந்தா சிக்கு வாடை வந்துடும். விரல் நீளத்துக்கு மெல்லிசா, நார் போற வாக்குல வெட்டணும். ஒரு கிலோ கறிக்கு ஒரு கைப்பிடி நிறையக் கல் உப்பு, பத்து மிளகாய் வத்தல், ஒரு முழுப் பூண்டு, மஞ்சள், சீரகம். இதை அம்மியில அரைக்கிறதா அம்மா சொல்லுவாங்க, நான் அரசு குடுத்த மிக்சியிலதான் அரைச்சேன். தண்ணி சேர்க்கக் கூடாது. பிசறி ரெண்டு மணி நேரம் நிழல்ல வெச்சுட்டு, அன்னைக்கே கோணி ஊசியில சணல் கோத்து, பூமாலை மாதிரி தொங்க விட்டோம். ஒண்ணோட ஒண்ணு ஒட்டக் கூடாது, ஒட்டின இடத்துல புழு வைக்கும்.

தை மாச வெயில் இருக்கே, அதுக்குத்தான் நன்றி சொல்லணும். இதே வேலையைத் தீபாவளிக்குச் செஞ்சிருந்தா மழையில நாறியிருக்கும். அதனால ஐப்பசி கார்த்திகையில யாரும் முயற்சி பண்ணாதீங்க. நாலு நாள் நல்ல வெயில், சாயங்காலம் பனி விழுறதுக்கு முன்னாடி உள்ள எடுத்திடணும். மேல கொசுவலைத் துணி போட்டோம். காக்காய்க்குக் காவல் அத்தை. கையில வேப்பங்குச்சியோட நிழல்ல உட்கார்ந்துக்கிட்டு, காக்காய்க்கூடப் பேசிக்கிட்டே இருந்தாங்க. அஞ்சாம் நாள் எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டினா கட்டை மாதிரி சத்தம் வந்துச்சு. ரெண்டு கிலோ போட்டதுல அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல நின்னுச்சு. மிச்சமெல்லாம் தண்ணியாப் போயிடும், கவலைப்படாதீங்க. காத்துப் போகாத டப்பாவுல வெச்சு, எடுக்கும்போது சுடுதண்ணியில ஊற வெச்சுப் பிழிஞ்சு, தட்டி, எண்ணெயில சின்ன வெங்காயத்தோட நல்லா வதக்கணும். பச்சைக்கறிதான் காய்ஞ்சிருக்கு, அதனால வேக்காடு நல்லா வேணும். பிரஷர் இருக்கிறவங்க ஒரு துண்டோட நிறுத்திக்கணும், உப்பு ஜாஸ்தி.

எலும்பும் கழுத்தும் மறுநாள் வரைக்கும் போகலை. அன்னைக்கு ராத்திரியே மிளகு, சீரகம், தட்டின பூண்டு போட்டு எலும்பு ரசம். சளி பிடிச்ச பிள்ளைக்கு அதைவிட வேற மருந்து வேணாம். அப்படியும் குழம்புல பத்துத் துண்டு நின்னுச்சு. அதை உதிர்த்து, பொட்டுக்கடலை மாவு, சோம்பு, வெங்காயம் சேர்த்து அன்னைக்குச் சாயங்காலமே உருண்டை பிடிச்சுப் பொரிச்சுட்டேன். பிள்ளைங்க விளையாடப் போற போக்குல ஆளுக்கு ரெண்டு அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. இன்னொரு கிலோ பச்சைக்கறியை முன்னாடியே எங்க பொருளாளர் அக்கா வீட்டுக்குக் குடுத்து விட்டிருந்தேன். அந்த 3,000 ரூபாயைத் திருப்பிக் கட்டியாச்சு, ஆனாலும் அந்த மழைக்கு நான் என்ன குடுக்க முடியும்?

இதெல்லாம் சமையல். சமையலைக் கத்துக்கிறது சுலபம். அத்தையை மாத்துறதுதான் பெரும்பாடு. இப்ப எங்க வீட்டுல ஒரு பழக்கம் வெச்சிருக்கோம். மிச்சம்னு ஒண்ணு இருந்தா அதை எல்லாரும் சேர்ந்து ஒரே நேரத்துல சாப்பிடணும், எங்க வீட்டுக்காரரும் சேர்த்துத்தான். அவர் சாப்பிட யோசிக்கிற சாப்பாடு அத்தைக்கும் வேணாம், எனக்கும் வேணாம், குழிக்குப் போகட்டும். முதல்ல அவருக்குச் சங்கடமா இருந்துச்சு. மாசம் ரெண்டு மூணு ஆனதும் அவரே, "கொஞ்சமா வை, மிஞ்சுனா நான்தான் திங்கணும்"னு அரிசி அளக்கும்போது வந்து நிக்கிறார். அத்தை மட்டும் இன்னும் ஒளிச்சு வைக்கிறாங்க. போன வாரம் அரிசிப் பானைக்குப் பின்னாடி ஒரு கிண்ணத்துல முந்தாநாள் மீன் குழம்பு இருந்துச்சு. எடுத்துக் கொட்டினேன். ரெண்டு நாள் என்கூடப் பேசலை. மூணாம் நாள் தானா வந்து, "தலைக்கு எண்ணெய் வெச்சு விடட்டா"ன்னாங்க.

குழுவோட பறவைங்களைப் பத்தி ஒரு வார்த்தை. அந்தத் தை மாசம் எங்க குழுக் கூட்டத்துலயே உப்புக்கண்டம் வதக்கி எல்லாருக்கும் குடுத்தோம். அத்தை எல்லார் முன்னாடியும் உட்கார்ந்து முதல் துண்டை எடுத்துத் தின்னாங்க. அதுக்கு அப்புறம்தான் ஊர் வாய் அடைச்சது. ஒன்பது பேர்ல ஏழு பேர் பறவையை மாசி முடியறதுக்குள்ள வித்துட்டாங்க. ரெண்டு பேருக்கு நட்டம்தான், அதுல என் வார்த்தைக்கும் பங்கு இருக்கு. அதை அவங்ககிட்டயும் சொல்லியிருக்கேன்.

எங்க அத்தை அதோ மூணாவது வரிசையில, பச்சைச் சேலையில உட்கார்ந்திருக்காங்க. இதையெல்லாம் மேடையில சொல்லட்டுமான்னு நேத்துக் கேட்டேன். "சொல்லு, ஆனா புளி ஊத்தினதைச் சொல்லாத"ன்னாங்க. சொல்லிட்டேன். வீட்டுக்குப் போய்த்தான் தெரியும்.

இந்த வருசத்து உப்புக்கண்டம் ரெண்டு தட்டு வறுத்துக் கொண்டு வந்திருக்கோம். முன் வரிசையில இருந்து வருது. கடைசி வரிசை வரைக்கும் போகணும், அதனால முன்னாடி இருக்கிற அக்காமார் ஆளுக்கு ஒரு துண்டு மட்டும் எடுங்க.